செவலையின் முதுகுக்கு எவ்வளவு பாரம்?

வன்னியில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாருக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. சங்கக்கடை வரிசையில் நிற்பவர் சொல்வார். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் மாமி சொல்வா. கனடாவிலிருந்து வந்திறங்கிய சித்தப்பா கதையைத் தொடங்குவதே அங்கிருந்துதான்: "பிள்ளை நல்லா உடம்பு வைச்சிட்டாய்." வெளியூர்க்காரர் இதை ஏச்சு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அதில் பாதிக்கு மேல் சந்தோசம். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது கிளினிக் தராசில் நான் 37 கிலோ. அப்போது எனக்கு இருபது வயது கடந்திருந்தது. அந்த 37ஐக் கண்ணால் பார்த்த அம்மாவுக்கு இன்றைய என் 91 கிலோ ஒரு சாதனை. யாராவது கொஞ்சம் குறைக்கலாமே என்று வாயெடுத்தால் அம்மா விடமாட்டா. "சோறு காணாமல் கிடந்த பிள்ளை. தின்னட்டும்."

ஆக, என் எடையைப் பற்றி ஊருக்கு ஒரு கருத்து, அம்மாவுக்கு ஒரு கருத்து, ஆஸ்பத்திரியில் சீனி பார்க்கும் மிஸ்ஸுக்கு இன்னொரு கருத்து. எல்லாவற்றையும் ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டுப் பழகியிருந்தேன். குதிரை வந்த பிறகு அது முடியவில்லை. இவர்களில் ஒருவரும் என்னைத் தூக்குவதில்லையே. செவலை தூக்குகிறாள்.

வன்னியில் குதிரையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். இது மாடும் எருமையும் தெரிந்த ஊர், யானை கேட்காமலே வரும் ஊர். குதிரை என்றால் ஐயனார் கோயிலில் நிற்கும் சீமெந்துக் குதிரையும், வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறிவரும் வாகனமும்தான். ஆனாலும் பழைய கணக்கைப் பார்த்தால் குதிரை எங்களுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் அநுராதபுரத்தைப் பிடித்து 22 வருடம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழரையும் குதிரை கொண்டுவந்து விற்றவனின் பிள்ளைகள் என்றுதான் மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது. பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர். நெடுந்தீவில் இன்றும் ஆளில்லாமல் திரியும் குதிரைகள் அந்தக் காலத்து மிச்சம்தான். கடுங்கோடையில் அவை தண்ணீரில்லாமல் செத்துக் கிடக்கும் படங்களை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

செவலை வந்த வழி இவ்வளவு பெரிய கதை இல்லை. சுவிஸில் இருக்கும் என் மச்சான், மாமாவின் மகன், மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதியை ஒட்டி ஒரு காணி வாங்கினார். மா, தென்னை, நாலு அறை, வருகிறவர்கள் குதிரையில் குளக்கட்டுவரை போய் வரலாம் என்று ஒரு திட்டம். சுவிஸில் இருந்து யோசிக்கும்போது எல்லாத் திட்டமும் நல்ல திட்டம்தான். நுவரெலியாவில் ஏப்ரல் ஓட்டங்களில் ஓடி முடித்த ஒரு பெட்டையையும் ஒரு சின்னப் போனியையும் லொறியில் ஏற்றி அனுப்பினார். பிறகு கொரோனா வந்தது, 2022இல் டீசலும் இல்லை, வருகிறவர்களும் இல்லை. போனியை விற்றாயிற்று. பெட்டையை வாங்க ஆளில்லை. காணிக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவளும் கணக்கில் சேர்ந்துகொண்டாள். ஓட்டக்காலத்தில் அவளுக்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். நிறத்தைப் பார்த்து அம்மா செவலை என்றா, அதுவே நிலைத்தது.

அவளைப் பார்க்கிற அண்ணை மலையகத்தவர். நுவரெலியாவில் குதிரை பார்த்தவர். அவருடைய சொந்தக்காரர் 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு இறங்கி வந்து குடியேறியவர்கள், அந்தத் தொடர்பில்தான் இங்கே வந்தார். நான் சவாரி பழகியது அவரிடம். ஏறி உட்கார்ந்த முதல் வாரங்களில் எனக்கு இருந்த பயமெல்லாம் விழுந்துவிடுவேனோ என்பதுதான். விழமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் மற்றப் பயம் வந்தது. அவள் நடக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டால் எனக்காகத்தான் விடுகிறாளோ என்று தோன்றும். வாலை அடித்தால் ஈயா, நானா என்று யோசிப்பேன். இது ஒரு வியாதி மாதிரிப் பிடித்துக்கொண்டது. சவாரி முடிந்து வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, இந்த உடம்பை இன்னொரு உயிரின் முதுகில் வைக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்கிற அளவுக்குப் போனது.

லண்டனில் இருக்கும் சிநேகிதியிடம் சொன்னேன். அங்கே பல சவாரிப் பள்ளிகளில் 14 அல்லது 15 ஸ்டோனுக்கு மேலே உள்ளவர்களை ஏற்றமாட்டார்கள் என்றாள். 14 ஸ்டோன் என்றால் 89 கிலோ. அங்கே நான் வாசலிலேயே நின்றிருப்பேன். சரி, மனதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, தராசைக் கேட்போம் என்று இறங்கினேன்.

முதலில் என்னுடையது. வீட்டில் தராசு இல்லை. மில்லில் நெல் நிறுக்கும் தராசில் ஏறினேன். அங்கே நிற்கும் பெடியன் பழக்கதோசத்தில், "அக்கா, சாக்குக்குக் கழிக்கவோ?" என்றான். கழிக்காமல் 91.

அடுத்தது அவளுடையது. குதிரையை நிறுக்க ஒரு அளவு நாடா போதும் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள்முனையிலிருந்து பின்தொடையின் முனைவரை நீளம் ஓர் அளவு, இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் வருவது கிலோ. தையல்கார அக்காவின் நாடா 150 சென்ரிமீற்றரோடு முடிந்துவிடும் என்பதால் சணல் கயிற்றால் சுற்றி, கயிற்றைப் பிறகு அளந்தோம். சுற்றளவு 178, நீளம் 160. கணக்குப் போட்டால் 427 கிலோ. நம்பாமல், பசளை இறக்க வந்த லொறிக்காரரைக் கெஞ்சி, அவளை ஏற்றி எடைப்பாலத்தில் ஒருமுறையும், இறக்கிவிட்டு ஒருமுறையும் நிறுத்தோம். அந்தப் பாலம் இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். வித்தியாசம் 420. நாடா பொய் சொல்லவில்லை. 425 என்று வைத்துக்கொள்வோம்.

உலகம் முழுக்கப் பலரும் சொல்லும் கணக்கு நூற்றுக்கு இருபது. ஆளும் சேணமும் மற்றச் சாமானும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 வீதத்தைத் தாண்டக்கூடாது. செவலைக்கு அது 85 கிலோ. நான் 91, சேணம் 8, சப்பாத்தும் ஹெல்மட்டும் 2. மொத்தம் 101. அதாவது 24 வீதத்துக்குக் கொஞ்சம் குறைய.

இந்த இருபதுக்கு ஆதாரம் என்ன என்று தேடினால் எல்லோரும் ஒரே ஆய்வைத்தான் காட்டுகிறார்கள். 2008இல் அமெரிக்காவின் ஒகையோவில் செய்தது. எட்டுக் குதிரைகளுக்கு அவற்றின் எடையில் 15, 20, 25, 30 வீதம் என்று பாரம் ஏற்றி முக்கால் மணித்தியாலம் வேலை வாங்கியிருக்கிறார்கள். இருபதுவரை பெரிய வித்தியாசமில்லை. 25க்கும் 30க்கும் போனதும் நெஞ்சு வேகமாக அடித்தது, முதுகுத் தசை நொந்தது, இறுகியது. அதிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது: இடுப்பு அகன்ற, முன்னங்கால் எலும்பு தடித்த குதிரைகளுக்கு நோவு குறைவு. செவலை ஓட்டத்துக்கென்று பிறந்த இனம். கால் எலும்பு மெலிவு, முதுகு நீளம். அந்தச் சலுகையும் அவளுக்கு இல்லை.

மற்ற ஆய்வு ஐஸ்லாந்துக் குதிரைகளில் நடந்தது. அவை உயரம் குறைந்தவை, பெரிய ஆட்களைச் சுமந்து பழகியவை. பாரத்தை ஏற்றிக்கொண்டே போய், தசை மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கும் இடத்தை இரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக அது 23 வீதத்துக்குக் கிட்ட. ஆனால் ஒரு குதிரைக்கு 17இலேயே தொடங்கியது, இன்னொன்று 27வரை தாங்கியது. எனக்கு உண்மையில் உதவிய தகவல் இதுதான். ஒரே இனம், ஒரே பாதை, ஒரே வேலை. அப்படியிருந்தும் பத்து வீத வித்தியாசம். அப்படியென்றால் இருபது என்பது வேலி. குதிரைக்குக் குதிரை அந்த வேலிக்குள் இருக்கும் நிலம் வேறு. என்னுடைய 24 வீதத்தை அவள் தாங்குகிறாளா என்று கேட்க வேண்டிய இடம் எந்தப் புத்தகமும் இல்லை, அவளுடைய முதுகு.

முதுகைக் கேட்பது எப்படி என்று அண்ணை காட்டினார். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் நான் எப்போதும் தண்ணீர் வாளிக்கு ஓடுவேன். அவர் மறித்தார்.

"தங்கச்சி, தண்ணிய ஊத்திப்புட்டா எழுத்து அழிஞ்சிரும். மொதல்ல படிங்க."

சேணத்துக்குக் கீழே போடும் துணியை மெதுவாக உரித்தார். முதுகில் வியர்வை இரண்டு பக்கமும் பாளம் பாளமாகப் படிந்திருந்தது. நடுவில் முதுகெலும்பின் வழியே ஒரு காய்ந்த கோடு. அது நல்லது, அங்கே சேணம் தொடவே கூடாது. ஆனால் பின்பக்கம், சேணம் முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் என் உள்ளங்கை அளவில் காய்ந்த திட்டு. சுற்றிவர ஈரம், அது மட்டும் காய்ந்து, மயிர் அழுந்திப் படுத்திருந்தது. ஓர் இடத்தில் அழுத்தம் கூடினால் அந்த இடம் வியர்க்காது. அந்தத் திட்டின்மேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். செவலை முதுகைக் கீழே இறக்கி, காதைப் பின்னால் மடித்தாள். கொஞ்சம் முன்னால், ஈரமான இடத்தில் அழுத்தினார். ஒன்றுமில்லை, வைக்கோலைச் சப்பிக்கொண்டு நின்றாள்.

"பாரம்தானே?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாரம்னா முதுகு பூராவும் வலிக்கணும். இது ஒரு எடம். நீங்க பின்னுக்கு ஒக்காருறீங்க. சேணம் சின்னது, ஒங்கள பின்னுக்குத் தள்ளுது. தொண்ணூறு கிலோவும் அந்த ரெண்டு சாண் எடத்துல எறங்குது."

இங்கிலாந்தில் செய்த ஒரு பரீட்சையைப் பற்றிப் பிறகு வாசித்தேன். ஆறு குதிரைகள், வெவ்வேறு எடையில் நாலு ஆட்கள். பாரம் கூடியவர்கள் ஏறியபோது குதிரைகள் நொண்டத் தொடங்கியதால் இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அந்த நொண்டல் பிறகு மாறிவிட்டது. செய்தியாக வெளியே வந்தது "குண்டானவர்கள் குதிரையை நொண்டியாக்குகிறார்கள்" என்பது. அந்த ஆட்களுக்குச் சேணம் பொருந்தவில்லை, அவர்கள் சேணத்தின் பின்விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உள்ளே இருந்தது. அண்ணை அந்த ஆய்வை வாசித்ததில்லை. வாசித்திருந்தால் "இதுக்கா இவ்ளோ காசு செலவழிச்சாங்க" என்றிருப்பார்.

குதிரைக்கு விலா 18 சோடி. கடைசி விலாவை விலாப்புறத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே போனால் முதுகில் அது எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்கலாம். சேணம் அதைத் தாண்டிப் பின்னால் போகக்கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது இடுப்பெலும்பு வரிசை, கீழிருந்து முட்டுக்கொடுக்க விலா இல்லை. எனக்கு 18 அங்குலச் சேணம் வேண்டும், இருந்தது 17. இருக்கை கூடினால் சேணமும் நீளும், செவலையின் முதுகில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நீளமான முதுகு பாரத்துக்குக் கூடாது என்று சொன்னேனே, இங்கே மட்டும் அது கைகொடுத்தது. கொழும்பில் ஒருவரிடம் பாவித்த சேணம் ஒன்று கிடைத்தது. விலையை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இருக்கை சரியானதும் அந்தத் திட்டு சுருங்கி, ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. அதற்காக 24 வீதம் 20 ஆகிவிடவில்லை. இதை நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். "நல்லா உட்கார்ந்தால் எவ்வளவு பாரமும் பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அது பொய். கட்டின மூட்டையும் கட்டாத மூட்டையும் ஒரே எடைதான். கட்டாததைத் தூக்குபவனுக்கு இடுப்பு முறியும், அவ்வளவுதான். நல்ல சவாரிக்காரர் கட்டின மூட்டை. ஆனாலும் மூட்டை மூட்டைதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எரிச்சலோடு. சுவிஸ் மச்சான் வந்து நின்ற நாட்களில் அவரும் செவலையில் ஏறினார். ஆறடி ஆள், வயிறில்லை, ஜிம்முக்குப் போகிற உடம்பு. மில் தராசில் 96. என்னைவிட ஐந்து கிலோ கூட. ஊரே நின்று படம் எடுத்தது. "ராசா மாதிரி இருக்கிறார்" என்றார்கள். குதிரை பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் ஏறினால் மட்டும் வேலியோரம் நிற்பவர்களுக்கு மிருக இரக்கம் பொங்கிவரும். செவலையின் முதுகுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது, ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. 96 என்றால் 96தான். அதனால் இப்போது யாராவது என் உடம்பைப் பார்த்துச் "குதிரை பாவம்" என்றால், "உங்கட எடை எவ்வளவு?" என்று கேட்கிறேன். கேள்வி அதோடு முடிந்துவிடும்.

அம்மாவிடம் அப்படிக் கேட்க முடியாது. அம்மாவின் வாதம் வேறு. "முறிகண்டியார் எலியில போறார். அவற்ற வயித்தைப் பார். நீ இந்தப் பெரிய குதிரையில போறதுக்கு என்ன யோசினை?" ஏ9 வீதியில் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போவதில்லை. இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கித்தான் போவார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த எலியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை என்பது உண்மைதான்.

அம்மா சிரித்துக்கொண்டு சொன்ன பகிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் தேத்தண்ணீருக்குச் சீனியை நிறுத்தினேன். இரவுப் புட்டைப் பாதியாக்கினேன். குதிரைக்காக மட்டும் இல்லை, சீனி வருத்தம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. சில மாதத்தில் கன்னம் கொஞ்சம் இறங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் தட்டில் சோறு கூடத் தொடங்கியது. குழம்பில் தேங்காய்ப்பால் தடிக்கத் தொடங்கியது. ஒருநாள் மேசையில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உழுத்தங்களி. "ஏன் அம்மா?" என்றேன். "முகத்தில எலும்பு தெரியுது" என்றா. எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு என் எடை இறங்குவது என்பது ஒரு திசை. அந்தத் திசையில் அவ ஒருமுறை போய் வந்திருக்கிறா. திரும்ப அந்தப் பக்கம் ஓர் அடி வைக்கவும் அவவுக்கு மனமில்லை. வெள்ளைக்காரரின் எடைகுறைப்புப் புத்தகங்களில் இந்தப் பிரச்சினைக்கு ஓர் அத்தியாயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். களி மாதத்தில் ஒருமுறை, அதுவும் நான் கேட்டால். தராசில் ஏறுவது மில்லில், அம்மா பார்க்காமல். இப்போது 86. இதைவிடக் கீழே போவேனா என்று தெரியாது, போகாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அண்ணையின் கணக்கில் என் எடையைக் குறைப்பது மூன்றாவது வேலை. முதல் வேலை சேணம். இரண்டாவது, செவலையின் உடம்பைக் கூட்டுவது.

அந்த இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2022இல் இறக்குமதித் தீனி வராமல் போய், கிடைத்ததைப் போட்டுச் சமாளித்ததில் செவலைக்கு விலா தெரியத் தொடங்கியிருந்தது. குதிரையின் விலாவைக் கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியக்கூடாது. மெலிந்த குதிரை சுமப்பது எலும்பால். தசை இருந்தால்தான் முதுகு பாரத்துக்குக் கீழே தொய்யாமல் நிற்கும். அதற்காகக் கொழுக்க வைத்தாலும் சரிவராது. வயிற்றில் கொழுப்பு ஏறிய குதிரை ஏற்கெனவே ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அதன் எடையில் இருபது வீதம் கணக்குப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. கொள்ளு அவித்து, கொஞ்சம் தவிடு, கோ-3 புல், உப்புக்கட்டி. அதோடு ஆளில்லாத நடை. நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக நடக்கவும் ஓடவும் விடுவோம், தலையைக் கீழே இறக்கி முதுகைத் தூக்கி நடக்கும்வரை. இறங்கியிருந்த முதுகு இப்போது சேணத்துக்குப் பின்னால் உருண்டு தெரிகிறது. ஆறு வயதுக்குள் பெரிய பாரம் ஏற்றக்கூடாது என்பார்கள், முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். செவலை அதைத் தாண்டிக் கனகாலம்.

பிறகு வெயில். ஒகையோவிலும் ஐஸ்லாந்திலும் நிறுத்துப் பார்த்தவர்களுக்குச் சித்திரையில் மாங்குளம் தெரியாது. குதிரை நம்மைப்போலவே வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்த்தும், வியர்வையோடு உப்பும் போகும். பாரம் கூடினால் சூடும் கூடும். 20 வீதம் என்பது காலை ஐந்தரைக்கு ஒரு கணக்கு, பத்து மணிக்கு வேறு கணக்கு. சோளகம் அடிக்கும் மாதங்களில் விடிய முன்னமே வெளிக்கிட்டு, வெயில் ஏறமுன் திரும்பிவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல், அந்த நேரம் யானை குளத்திலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரம். இரவில் எந்தப் பக்கம் வந்தது என்று வேலியோரத் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பாதையைத் தீர்மானிப்பது. வத்தின குளத்து மணலில் ஏற்றுவதில்லை. கால் புதையும் நிலத்தில் அதே பாரத்துக்கு வேலை கூட. கிறவல் பாதையில் நடை மட்டும். ஊர் மட்டமாக இருப்பது ஒரு புண்ணியம், ஏற்றம் இறக்கம் இல்லை.

ஏறுவதும் இப்போது நிலத்திலிருந்து இல்லை. ஒரு காலை அங்கவடியில் வைத்து உன்னி ஏறும்போது முழுப்பாரமும் ஒரு பக்கமாக முதுகை இழுக்கும். 50 கிலோ ஆளுக்கும் அது கூடாது. வாய்க்கால் மதகின் கட்டு சரியான உயரம். அவள் அதன் பக்கத்தில் வந்து தானாகவே நிற்கப் பழகிவிட்டாள். வேலியோரம் நிற்பவர்களுக்கு இதுவும் ஒரு பகிடி: "குதிரைக்கு ஏணி வைச்சு ஏறினம்." ஏறட்டும், பகிடிக்கு எடை இல்லை.

இவ்வளவும் பார்த்து, இப்போது அரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட சவாரி, அநேகமாக நடை, கடைசியில் கொஞ்சம் டிரொட் என்ற மெதுவோட்டம். பாய்ச்சல் இல்லை. துணியை உரித்து எழுத்தைப் படிக்காமல் தண்ணீர் ஊற்றுவதில்லை. அண்ணைக்கு 58 கிலோ. வேகமாக ஓட வேண்டிய நாட்களில் அவர் ஏறுகிறார், நான் மதகில் இருந்து பார்க்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. அவள் பாயும்போது அவளுக்கு மேலே இருக்க வேண்டும் என்று இன்னும் ஆசைதான். 425இல் 85 என்று இருந்தால் ஆசைக்கும் இடம் இருக்கும், இப்போதைக்கு நானும் சேணமும் சாமானும் சேர்ந்த 96க்கு இல்லை.

அண்மையில் புதிதாக ஒரு யோசனை ஓடுகிறது. அதைத் தொடக்கிவைத்தவர் முத்தையன்கட்டுப் பக்கத்தில் சவாரி மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவர். மாட்டுவண்டிச் சவாரியில் எடைக் கணக்கு அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வண்டியில் நிற்கும் பெடியனை மெலிந்தவனாகத் தேடிப்பிடிப்பார்கள். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் மோள் முதுகில ஏத்திறாய்? பின்னால கட்டு" என்றார். சரிதான். முதுகில் இறங்கும் பாரம் வேறு, சில்லில் இறங்கும் பாரம் வேறு. நிலம் மட்டமாக, சில்லு நன்றாக உருண்டால், முதுகால் சுமக்க முடியாத பாரத்தை அதே குதிரை இழுத்துக்கொண்டு போகும். நானும் அம்மாவும் ஒன்றாகவே போகலாம். அம்மா உடனே முறிகண்டிக்கு என்றா. ஏ9இல் பஸ்காரர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு நான் மாட்டேன் என்றேன். உள்வீதியால் குளக்கட்டு ஐயனார் கோயில்வரை என்று சமாதானமாகியிருக்கிறது.

ஆனால் மாட்டு நுகம் குதிரைக்குச் சரிவராது. மாடு திமிலுக்கு முன்னால் நுகத்தைத் தள்ளி இழுக்கும். குதிரை நெஞ்சாலும் தோளாலும் இழுக்கும், திமில் இல்லை. அதற்கு அகலமான நெஞ்சுப்பட்டியும் பின்னுக்கு ஒரு தடுப்புப்பட்டியும் வேண்டும். அண்ணை மாட்டுத்தாளில் படம் கீறி, அளவெல்லாம் எழுதித் தந்தார். வவுனியாவில் வாகன இருக்கை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்த மொடல் வாகனத்துக்கு என்று கேட்டார். விளங்கப்படுத்தியதும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, தைப்பொங்கல் கழித்து வரச்சொன்னார். அதுவரை செவலையை வெறும் கயிற்றோடு ஒரு பழைய டயரை இழுக்கப் பழக்குகிறோம். முதல்நாள் டயரைக் கண்டு பயந்தாள், இப்போது அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறாள்.